ஏழாம் நம்பர் நோயாளி

புத்தளம் கரையில் என்னை முதலில் வரவேற்றவை கழுதைகள். கல்பிட்டி பஸ் உப்பளங்களைத் தாண்டி வேகமெடுத்த நேரம், நாலு கழுதைகள் சாலை நடுவே கூட்டம் போட்டு நின்றன. டிரைவர் ஹாரன் அடித்தார், திட்டினார், கடைசியில் என்ஜினை நிறுத்திவிட்டு வெற்றிலை மடித்தார். நடத்துநர் சிங்களத்தில் ஏதோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. என்ன சொன்னார் என்று பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் கேட்டேன். "டிக்கட் குடுத்து ஏத்தினாத்தான் வழி விடுவாங்களாம்" என்றார்.

நான் தூத்துக்குடிக்காரி. உப்பளம், காற்றாலை, கருவாட்டு வாசனை எதுவும் எனக்குப் புதிதல்ல. கடல் கடந்து வந்த மாதிரியே இல்லையே என்று நினைத்தபடி இறங்கி ஒரு கடையில் டீ கேட்டேன். பால் இல்லாமல், பாகு மாதிரி இனிப்போடு 'பிளேன்டீ' வந்தது. கூடவே பாண் என்ற ரொட்டி, பருப்பு, நெருப்பைத் தொட்டது போல் ஒரு சம்பல். காலை ஏழரை மணிக்குக் கண்ணில் நீர் வழியச் சாப்பிட்டு முடித்தபோதுதான் வெளிநாட்டுக்கு வந்துவிட்டேன் என்று உறைத்தது.

வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். பதினாறு வருடம் நர்ஸாக இருந்துவிட்டு, நோயாளிகளிடம் "உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டு எழுதும் ஆராய்ச்சி வேலைக்கு மாறியவள் நான். கல்பிட்டிப் பக்கம் களப்பு என்கிற உப்பங்கழியை ஒட்டிய ஒரு மீனவக் குடியிருப்பில் போன் கிளினிக் ஒன்று நடந்துகொண்டிருந்தது. புதன்கிழமை காலையில் கொழும்பில் இருக்கும் ஒரு டாக்டர் வீடியோவில் நோயாளிகளைக் கூப்பிட்டுப் பார்ப்பார். மருந்து பக்கத்து ஊர் மருந்தகத்துக்கு வந்துவிடும். அந்தக் குடியிருப்பில் பதினாலு பேர் பதிவு செய்திருந்தார்கள். என் கையில் இருந்த பட்டியலில் பதின்மூன்று பெயருக்கு நேரே 'பதில் இல்லை' என்று இருந்தது. வாரம் தவறாமல் டாக்டரிடம் பேசிய ஒரே ஆள், ஏழாம் நம்பர் நோயாளி.

அந்த ஏழாம் நம்பரின் பதிவைச் சென்னையில் எங்கள் அலுவலகத்தில் வாசித்துச் சிரிக்காதவர்கள் இல்லை. வயது நாற்பது, பெண், மூச்சு இழுப்பு என்று ஒழுங்காகத்தான் தொடங்கும். அடுத்த வரியிலேயே ஆறு மாதக் கர்ப்பம். அதற்கடுத்த வரியில் காலில் சர்க்கரைப் புண். அதற்கும் பிறகு புரொஸ்டேட் வீக்கம். ஒரு பெண்ணுக்குப் புரொஸ்டேட்! யாரோ தூங்கி வழிந்துகொண்டே கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்கள் என்று நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை புத்தளம் நகரில் கூட்டம். யாரும் பயன்படுத்தாத போன் கிளினிக்கை இந்தக் கரையில் தொடர்வதா, மூடுவதா என்று அன்று முடிவெடுப்பார்கள். ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்டு எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு. உண்மையைச் சொன்னால், அறிக்கையின் முக்கியமான வாக்கியத்தைச் சென்னையிலேயே எழுதிவிட்டேன். 'இக்கடலோர மக்களுக்குத் தொலைபேசி மருத்துவத்தில் ஆர்வம் இல்லை.' காரணங்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு போக வந்திருந்தேன்.

திங்கட்கிழமை முதல் வீடு மைமூனா மாமியுடையது. ஐம்பத்தெட்டு வயது. வருடக்கணக்காகக் கருவாடு காயப்போடும் வாடியில் வெறுங்காலோடு நின்று வேலை செய்தவர். வாசலில் ஒரு கதிரையில் உட்கார்ந்து, வலது காலை இன்னொரு கதிரையில் நீட்டி வைத்திருந்தார். பெருவிரலைச் சுற்றி வெள்ளைக் கட்டு. கட்டுப் போட்ட விதம் பார்த்தேன். என் பழைய வார்டில் போட்டிருந்தால் நானே பாராட்டியிருப்பேன்.

"சீனி வருத்தம் மகள். ஒரு சின்ன முள்ளுத்தான் குத்தின. உணர்ச்சி இல்லாததால தெரியல்ல. பெரியாஸ்பத்திரியில பாத்திட்டு, இன்னும் உள்ளுக்குப் போனா விரல எடுக்கணும் எண்டு செல்லிட்டாங்க" என்றார் மாமி.

"இப்போது யார் பார்க்கிறார்கள்?"

"போன் டொக்டர்தான். கிழமைக்கு ஒருக்கா காலப் பாப்பார். பஸ்ஸில ஏறி இறங்க வேணாம், காலை ஊண்ட வேணாம் எண்டு செல்லியிரிக்கார். நான் ஊண்டுறதே இல்ல. இந்த விரல் எனக்கு வேணும் மகள். ரெண்டு காலால நடந்துதான் நான் ஒழச்சுத் திங்கிற. போன் கிளினிக் இல்லாட்டி நான் என்ன செய்ற?"

பட்டியலைப் பார்த்தேன். மைமூனா, நம்பர் மூன்று. பதில் இல்லை. ஒருமுறைகூட.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு, மரியாதைப் பதில். கேட்க வந்தவர் மனம் நோகக் கூடாதென்று, கிளினிக்குக்குப் போனேன், மருந்து குடித்தேன் என்றெல்லாம் சொல்வார்கள். புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு அதைப் பற்றி வகுப்பெடுப்பவளே நான்தான். பெரிய கெட்டிக்காரி போல நோட்டில் 'மரியாதைப் பதில்' என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

அன்று ஐந்து வீடுகள். ஐந்திலும் "போன் கிளினிக்கில் சேர்ந்தீர்களா?" என்றால் "ஓம்". "டாக்டரோடு பேசினீர்களா?" என்றால் "ஓம், கதச்ச". ஐந்து வீட்டிலும் எனக்குச் சீனி போட்டுப் பிளேன்டீ தந்தார்கள். அவர்கள் சீனி இல்லாமல் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார்கள். அதையும் பார்த்தேன். பார்த்தும், சீனியை விடச் சொன்னது யார் என்று கேட்க என் மரமண்டைக்குத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை பொறுமை போய்விட்டது. ஒரு வீட்டில், எனக்கு இறால் வறுவலும் சோறும் போட்டு, விசிறி எடுத்து வீசியும் விட்ட பெண்ணிடம் குரலை உயர்த்திவிட்டேன்.

"போனைக் கொஞ்சம் காட்டுங்கள்."

"போன் கடலுக்குப் போயிட்டே தாத்தா."

இந்தக் கரையில் தாத்தா என்றால் அக்கா. முதல் நாள் அந்த அழைப்பைக் கேட்டு என் மீசையைத் தடவிப் பார்த்தவள், இப்போது பழகியிருந்தேன்.

"கடலுக்கா?"

"இவர் கொண்டு போற. அதுலதான் வலை போட்ட இடம் பாக்குற, காத்துப் பாக்குற. விடிய முந்திப் போனா, பின்னேரம் அசருக்குத்தான் கரைக்கு வரும்."

"டாக்டர் காலை பத்து மணிக்குக் கூப்பிடுகிறார். அப்போது போன் கடலில். பிறகு எந்தப் போனில் பேசினீர்கள்?"

"எங்கட போன்ல."

"அதுதான் கடலுக்குப் போய்விட்டது என்கிறீர்களே!"

"அது அவர்ட போன் தாத்தா. நான் செல்றது எங்கட போன."

சாப்பிட்ட இறால் தொண்டைக்கு வந்தது. பொய் சொல்வதென்றால் கொஞ்சம் பொருத்தமாகவாவது சொல்லக் கூடாதா என்று முணுமுணுத்துக்கொண்டு பட்டியல் இருந்த கோப்பை மூடினேன். கை கழுவி, நன்றி சொல்லி, பஸ்ஸுக்கு ஓடினால் பஸ் போய்விட்டது. கிடைத்த முச்சக்கர வண்டியில் எனக்கு முன்பே ஒரு பயணி இருந்தது. இறாலை ஐஸ் போட்டு அனுப்பும் வெள்ளை ரெஜிபோம் பெட்டி. "மடியில வெச்சுக்கோங்க மிஸ், ஒடஞ்சிரும்" என்றார் ஓட்டுநர். பாதி வழியில் டயர் பஞ்சர். அவர் மாற்றி முடிக்கும் வரை ஐஸ் உருகிய தண்ணீர் என் மடியில் ஒழுகியது. தங்கியிருந்த அறைக்கு வந்து கோப்பைத் திறந்தால், பட்டியலில் 'பதில் இல்லை' என்ற வரிசை முழுக்க ஊதா நிறத்தில் கரைந்து போயிருந்தது. அன்று எனக்கு அழுகையே வந்தது. இப்போது நினைத்தால், அந்த இறாலுக்கு என்னைவிட விவரம் இருந்திருக்கிறது.

புதன்கிழமை, கடைசி முயற்சியாக ஏழாம் நம்பரைத் தேடிப் போனேன். ஹபீலா. அதிகாலையில் எழுந்து இடியப்பம் அவித்துச் சுற்றியுள்ள டீக்கடைகளுக்குக் கொடுப்பவர். புருஷன் ரிஸ்வி களப்பில் மீன் பிடிப்பவர். வீடு களப்புக் கரையிலேயே இருந்தது. வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளைப் பார்த்ததும், ஏதோ விசேஷ வீட்டில் அழையாமல் நுழைகிறோம் என்று தயங்கினேன்.

"வாங்க தாத்தா, இரிங்க. நேரம் பத்தாகப் போகுது, இப்ப டொக்டர் வருவார்" என்று ஹபீலா எனக்கொரு கதிரையைத் தள்ளினார்.

கூடத்தில் பாயில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு கிளினிக் கொப்பி. அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டுவதற்கு நோயாளிகள் சொந்தமாக வைத்திருக்கும் பயிற்சிக் கொப்பி அது. நேற்று நான் கத்திவிட்டு வந்த பெண்ணும் அங்கே இருந்தார், என்னைப் பார்த்துத் தலையாட்டினார். மைமூனா மாமியை இரண்டு பேர் கதிரையோடு தூக்கி வந்து இறக்கினார்கள். ஓரத்தில் தொப்பி அணிந்த ஒரு பெரியவர், காதர் மாமா, பெண்கள் பக்கம் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

நடுவில் ஒரு முக்காலி. அதன் மேல் அரிசி அளக்கும் சுண்டு. சுண்டுக்குள் சாய்த்து நிறுத்தப்பட்ட ஒரு போன்.

சரியாகப் பத்துக்கு அது அடித்தது. ஹபீலா அழுத்தினார். ஸலாம் சொல்லவில்லை, யார் என்று கேட்கவில்லை. வாரா வாரம் கேட்டுத் தேய்ந்த குரலில் கேட்டார்:

"யாருக்கு டொக்டர்?"

"முதல்ல மைமூனாவுக்கு" என்றது போன்.

நான் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த ஒன்றரை மணி நேரம் நடந்ததை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஹபீலா கட்டை அவிழ்த்து, போனைச் சுண்டிலிருந்து எடுத்துப் புண்ணுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்தார். டாக்டர் "வெளிச்சம்" என்றதும் ஒரு பெண் எழுந்து ஜன்னல் சீலையை விலக்கினார். டாக்டர் சொல்லச் சொல்ல ஹபீலா சுத்தம் செய்து கட்டினார். பிறகு மாமியின் கொப்பியில் தேதி போட்டு, டாக்டர் சொன்னதையெல்லாம் பென்சிலால் எழுதி, எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டினார். அடுத்த ஆள். அடுத்த கொப்பி. டாக்டரும் ஒரே பதிவில் எழுதிக்கொண்டே போனார், ஏனென்றால் அவருடைய கம்ப்யூட்டரில் இந்த நம்பருக்குத் திறந்தது அந்த ஒன்றுதான். மாதத்துக்கொரு டாக்டர் மாறுகிறாராம். வருகிறவரெல்லாம் இதுதான் ஏற்பாடு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

கர்ப்பிணிப் பெண் ஒருத்தியின் முறை வந்தபோது எல்லாரும் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார்கள். மாமியையும் கதிரையோடு தூக்கிப் போனார்கள். நான் மட்டும் அசடு மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒரு கை என் தோளைத் தட்டியது. "வாங்க தாத்தா, இது அவட கத. அவ மட்டும் கதைக்கட்டும்." காதர் மாமாவின் முறையிலும் அப்படியே. நோயாளியின் அந்தரங்கத்தைக் காப்பது பற்றி நான் எழுதிய வழிகாட்டி ஒன்று இருக்கிறது. அதில் இவ்வளவு அழகான ஒரு விதி இல்லை.

முடிந்ததும் ஹபீலாவைப் பிடித்துக்கொண்டேன். "எல்லாரும் உங்கள் நம்பரைத்தான் கொடுத்தீர்களா?"

"ஓம். பதிய வந்த பொடியன் உங்கட நம்பர் என்ன எண்டு கேட்டார். எங்கட நம்பர் இதுதானே தாத்தா. ஆம்புளயள்ற சிம் மாசத்துக்கு ஒண்டு மாறும், போனும் கடலோட போயிரும். இது மாறாது, இங்கதான் இரிக்கும். கலியாணக் கடுதாசில, புள்ளயள்ற இஸ்கூல் பாரத்தில, கேஸ் கடையில, எல்லாத்துலயும் எல்லாரும் இதத்தான் எழுதுற."

"ஒருவருக்காவது இது ஹபீலாவின் போன் என்று சொல்லத் தோன்றவில்லையா?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "ஆர் கேட்ட? நீங்க கேட்டிருந்தா செல்லியிருப்பமே."

கம்ப்யூட்டருக்கு ஒரு நம்பருக்கு ஒரு ஆள்தான் கணக்கு. சிம் ஹபீலாவின் பெயரில் இருந்ததால் நம்பர் அவரோடு ஒட்டிக்கொண்டது. மற்றப் பதின்மூன்று பேருக்கும் நம்பர் இருந்த இடம் வெறுமையானது. வெறுமையான இடத்துக்கு யார் கூப்பிட முடியும்? பதில் இல்லை. கர்ப்பமும் புரொஸ்டேட்டும் மாமியின் கால் புண்ணும் ஒரே பெண்ணின் உடம்பில் ஏறிக்கொண்டன. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்த ஏழாம் நம்பர், பதினாலு பேர்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, வாய்விட்டுச் சொல்கிறேன், மகிழ்ச்சி பொங்கியது. இந்த வேலைக்கு வந்த இத்தனை வருடத்தில் இவ்வளவு நன்றாக நடக்கும் ஒரு போன் கிளினிக்கை நான் பார்த்ததே இல்லை. அதைத்தான் மூடுவதற்கு நாள் குறித்திருந்தார்கள்.

நேற்று நான் குரலை உயர்த்திய பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க கத்தினத விடுங்க. எறாலை மிச்சம் வெச்சீங்களே, அதுதான் கவல" என்றார். அன்று மதியம் அவர் வீட்டில் இடியப்பமும் மீன் ஆணமும் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றேன்.

வியாழக்கிழமை வீடு வீடாகப் போனேன். சாட்சி அந்தக் கொப்பிகள்தான். தேதியோடு, டாக்டர் சொன்ன சொல்லோடு, வாரம் தவறாமல் எழுதப்பட்டவை. கூட்டத்தில் காட்டக் கொடுப்பீர்களா, யார் யார் பார்ப்பார்கள், எப்போது திரும்ப வரும் என்று ஒவ்வொருவரிடமும் விளக்கிக் கேட்டேன். கர்ப்பிணிப் பெண் முதல் ஆளாகத் தந்தாள். மைமூனா மாமி தலையணைக்கடியிலிருந்து எடுத்து, "என்ட விரல் இதுக்குள்ளதான் இரிக்குது, பத்திரம்" என்று நீட்டினார். அவருடைய கொப்பியின் பின்னட்டையில் என் நம்பரை எழுதி வைத்தேன். காதர் மாமா மட்டும் கொடுக்கவில்லை. "எல்லாத்துக்கும் துஆச் செய்றன் மகள். என்ட கொப்பி வாராது" என்றார். கேட்டதற்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். பதின்மூன்று கொப்பிகள். அன்றிரவு ஹபீலா வீட்டிலேயே தங்கினேன்.

வெள்ளி காலை பஸ் வரவில்லை. நின்றுகொண்டிருந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒருவர் வேலைநிறுத்தம் என்றார், இன்னொருவர் பாலாவியில் லொறி கவிழ்ந்துவிட்டது என்றார், மூன்றாமவர் கழுதை என்றார். கூட்டம் பத்தரைக்கு. மணி எட்டேகால். என் முகத்தைப் பார்த்த ஹபீலா வீட்டுக்குள் திரும்பிக் குரல் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமையாதலால் ரிஸ்வி தொழிலுக்குப் போகவில்லை. "தோணியில களப்புக் குறுக்கால போனா புத்தளம்தானே. ஆனா ஜும்மாவுக்கு முந்தி நான் திரும்பணும் மிஸ், அத இப்பவே செல்லிட்டன்" என்றார். கொப்பிகள் நனையாமல் இருக்க ஹபீலா ஒரு வெள்ளை ரெஜிபோம் பெட்டியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தார். எவ்வளவு கழுவினாலும் இறால் வாசனை போகவில்லை. செவ்வாய்க்கிழமை என் மடியில் ஒழுகிய அதே மாதிரிப் பெட்டியை இந்தமுறை நானே கேட்டு மடியில் வாங்கி, இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன்.

தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தும் படகில் ஏறினால் எனக்கு வயிற்றைப் பிரட்டும். நடுக்களப்பில் என்ஜின் இருமி நின்றது. அந்த அமைதியில் நான் சாப்பிட்ட இடியப்பம் முழுவதும் களப்பு மீன்களுக்குப் போயிற்று. ரிஸ்வி பாசியைப் பிடுங்கி எறிந்து, கயிற்றை மூன்று முறை இழுத்து என்ஜினைக் கிளப்பினார். "பொட்டிய மட்டும் விடல்ல, கெட்டிக்காரிதான்" என்று அவர் பாராட்டியதை, என் வேலையில் கிடைத்த பெரிய சான்றிதழ்களில் ஒன்றாக வைத்திருக்கிறேன்.

கூட்ட அறைக்குள் நுழைந்தபோது சீலையின் கீழ்ப்பாதி நனைந்து, தலை பறட்டையாகி, இறால் பெட்டியோடு நின்றேன். தலைமை டாக்டர் கண்டிப்பான சிங்களப் பெண்மணி. இந்தப் பக்கத்தில் பல வருடம் வேலை பார்த்ததால் தமிழ் பேசுவார். ஓரத்தில் இருந்த ஒருவர் பக்கத்தவரிடம் சிங்களத்தில் முணுமுணுத்தார். அதன் பொருள், 'மீன் விற்கிறவர்கள் பின்வாசல் வழியாகத்தானே வருவார்கள்' என்பது. பிறகு விசாரித்து அறிந்தேன். அப்போதே தெரிந்திருந்தால் பெட்டியை அவர் மடியில் வைத்திருப்பேன்.

என் முறை வந்ததும் சொன்னேன். "சென்னையில் நான் எழுதிய வாக்கியம் தவறு. அதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்." பெட்டியைத் திறந்து கொப்பிகளை மேசையில் ஒவ்வொன்றாக வைத்தேன். போன் யாருடையது, ஏன் ஒரே நம்பர், கடலுக்குப் போகும் போன் எது, கரையில் இருக்கும் போன் எது என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

தலைமை டாக்டர் ஒரு கொப்பியைத் திறந்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு எண்ணினார். "பதிமூணுதான் இருக்கு. மற்றது?"

"அது அவருடைய சொந்த விஷயம், டாக்டர். தர விருப்பமில்லை என்றார்."

அவர் முகத்தில் ஏதோ இளகியது. ஆனால் விடவில்லை. "எழுதினது யாரும் எழுதலாம். இப்ப கோல் எடுப்போம்."

இன்று புதன்கிழமை இல்லை. இடியப்பக் காசு வாங்க ஹபீலா டீக்கடைகளுக்குப் போயிருந்தால்? களப்புக் கரையில் சிக்னல் இல்லாவிட்டால்? அறைச் சுவரில் பெரிய திரை. மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்து ஓய்ந்தது. "பார்த்தீங்களா" என்றார் ஓரத்து மனிதர். மைமூனா மாமியின் கொப்பி மேலே கிடந்தது. அந்த விரலை நினைத்துக்கொண்டு, "இன்னொரு முறை, தயவுசெய்து" என்றேன். நர்ஸாக இருந்தபோதுகூட யாரிடமும் அவ்வளவு கெஞ்சியதில்லை.

இரண்டாவது முறை. நாலாவது மணியில் திரை அசைந்தது. முதலில் ஓட்டுக்கூரை தெரிந்தது. பிறகு சுண்டின் விளிம்பு. பிறகு, மாவு படிந்த ஒரு கன்னம்.

"யாருக்கு டொக்டர்?" என்றது ஹபீலாவின் குரல்.

இந்தக் கேள்வியை எங்கள் கம்ப்யூட்டர் ஒருநாளும் கேட்டதில்லை.

தலைமை டாக்டர் மேலே கிடந்த கொப்பியைப் பார்த்தார். "மைமூனாவுக்கு" என்றார்.

"பொறுங்க, கூப்பிடுறன்." திரை ஆடியது, ஓடியது, வேலி தெரிந்தது, கோழி தெரிந்தது. "மாமீ! டொக்டர்! இண்டைக்குப் புதுசு, பொம்புள டொக்டர்!" கதிரையில் நீட்டிய கால். ஹபீலா கட்டை அவிழ்க்கத் தொடங்கினார். புண் திரை முழுக்க விரிந்தது. ஓரங்களில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல், சுற்றிலுமிருந்து நடுவை நோக்கி வந்துகொண்டிருந்தது.

தலைமை டாக்டர் எழுந்தார். கூட்டம், கோப்பு எல்லாவற்றையும் மறந்து திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். "இன்னும் கிட்டக் கொண்டாங்க. விரல ஆட்டுங்க. ஆ, நல்லம். மற்றப் பக்கம் காட்டுங்க." அந்த நிமிடத்தில் அவர் டாக்டர் மட்டும்தான். "கட்டினது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான் டொக்டர். பிழ இரிக்குதா?" என்றார் ஹபீலா.

"ஒரு பிழயும் இல்ல" என்றார் தலைமை டாக்டர். கதிரைக்குத் திரும்பி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சிங்களத்தில் ஒரு வாக்கியம் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் எனக்குத் தமிழில் சொன்னார்: "இதை மூடினால் முதலில் என்னை வீட்டுக்கு அனுப்புங்கள் என்கிறார்."

போன் கிளினிக் தொடரும் என்று முடிவானது. ஒரு நம்பரில் எத்தனை பேரையும் பதியலாம் என்று கம்ப்யூட்டரை மாற்றவும், படிவத்தில் 'உங்கள் நம்பர்' என்று இருந்த இடத்தில் 'எந்த நம்பரில், எந்த நேரம் உங்களைப் பிடிக்கலாம், யார் எடுப்பார்' என்று கேட்கவும் அன்றே எழுதிக் கையெழுத்திட்டார்கள். ஜெட்டிக்கு ஓடிப் போய் ரிஸ்வியிடம் சொன்னேன். அவர் மணியைப் பார்த்தார். "நல்லம் மிஸ். இப்ப பொட்டியத் தாங்க, ஜும்மா தவறப் போகுது" என்று கொப்பிகளை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். வெற்றியைக் கொண்டாட ஆள் கிடைக்காமல், தில்லையடியில் ஒரு கடையில் தனியாக உட்கார்ந்து இரண்டு வட்டிலப்பம் தின்றேன்.

ஊர் திரும்பி இரண்டு மாதம் இருக்கும். தூத்துக்குடி மீன் சந்தையில் சீலா மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். தெரியாத ஓர் இலங்கை நம்பரிலிருந்து வீடியோ அழைப்பு. எடுத்தேன். குலுங்கும் பஸ் ஒன்றின் உட்புறம், அதற்கு நடுவே மைமூனா மாமியின் முகம்.

"மகள்! பெரியாஸ்பத்திரிக்குப் போறன். விரல எடுக்கணும் எண்டு செல்லின டொக்டர்ட்ட நானே காட்டப் போறன். தனியத்தான் போறன், நடந்துதான் பஸ் ஏறின!"

"மாமி, இது யார் போன்?"

"தெரியாது. பக்கத்துல இரிந்த புள்ளட்ட வாங்கின. நல்ல புள்ள." திரையில் ஒரு கணம் பள்ளிச் சீருடையோடு ஒரு பெண் சிரித்துக் கையசைத்தாள். பிறகு மாமி போனைக் கீழே இறக்கினார். புதுச் செருப்புகளைக் கழற்றி, இரண்டு பாதங்களையும் பஸ்ஸின் தரையில் சேர்த்து வைத்தார்.

"நம்ப மாட்டீங்க, எண்ணிப் பாருங்க" என்றார்.

மீன்காரம்மா விலையைக் குறைத்துக்கொண்டே போனார். நான் சந்தை நடுவில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாக எண்ணினேன். பத்து.